எங்கள் ரோட்டை மறித்த மரம்

எங்கள் ஊரை மறிக்க யாரும் வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்த சமயம் அது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, சின்னசேலம் பக்கம் மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள் என்று தினமும் செய்தி வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் வந்து முடிந்துபோகிற எங்கள் ரோட்டில் மட்டும் ஒரு குச்சிகூட விழவில்லை. பெரியப்பாவுக்கு இதில் பெரிய மனவருத்தம். நம்மை ஒரு ஊராகவே எவனும் மதிக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மலையிலிருந்து கடுக்காயும் மூங்கிலும் இறக்குவதற்காக ஒரு காண்டிராக்டர் அந்த ரோட்டைப் போட்டாராம். மண் சுமக்க ஊர் ஊராக ஆள் பிடித்து வந்தார். ரோடு முடிந்ததும் அவர் போய்விட்டார். போக இடமில்லாத பதினொரு குடும்பங்கள் ரோடு முடிந்த இடத்திலேயே தங்கிவிட்டன. எங்கள் சரித்திரம் அவ்வளவுதான். மலைமேல் இருப்பவர்கள் எங்களைக் கீழ்நாட்டு ஆளுங்க என்பார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் மலை ஆளுங்க என்பார்கள். எங்களுக்கு நாங்களே என்ன பெயர் வைத்துக்கொண்டோம் என்று எனக்கு நினைவில்லை.

பெயர் இல்லாவிட்டாலும் மரம் இருந்தது. வீட்டுக்கு ஒன்றாக ரோட்டோரம் பதினொரு புளியமரங்கள், அந்த முதல் ஆட்கள் நட்டவை. மருமகளாக வருகிறவளை வாசல் ஏற்றுவதற்கு முன்னால் அந்த வீட்டு மரத்தடிக்கு அழைத்துப் போவார்கள். அவள் மரத்தில் மஞ்சள் கயிறு கட்டுவாள். அன்றிலிருந்து அந்தப் புளி அவளுடையது. புருஷன் அதில் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால் அவளைத் தள்ளிவைத்ததாக அர்த்தம். இந்தப் பின்பாதியைப் பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை. அம்மா மரத்தில் அப்பா கைவைக்காது என்பது மட்டும்தான் ஒன்பது வயதில் எனக்குத் தெரியும். அடுப்பில் அப்பா கைவைக்காததுபோல அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் அம்மா நைனார்பாளையத்துக்குப் போனாள். அது அவளுடைய பிறந்த ஊர். மாமா பிள்ளைக்குக் காதுகுத்து, இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று அப்பா சொன்னார். கிளம்பும்போது அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கு வேறு கவலைகள் இருந்தன. வெட்டுகிற மரம் அம்மா வருகிற பஸ்ஸின்மேல் விழுந்தால்? நடந்து வரும்போது இருட்டிவிட்டால்? அங்கே மாட்டிக்கொண்டு எங்கள் முகமே மறந்துபோனால்? பள்ளிக்கூடமும் மூடியிருந்தது. காலையில் அப்பா கிண்டிய களியைத் தின்றுவிட்டு, வீடுகளிலிருந்து அரை மைல் கீழே, வரிசையின் முதல் மரமான எங்கள் மரத்தடியில் போய் உட்காருவேன். ரோடு காலியாகக் கிடக்கும். ஒரு ரோடு அவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பொழுது சாயும்போது அப்பா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்.

மறியல் முடிந்து பஸ் வந்தது. அம்மா வரவில்லை. அந்தப் பக்கம் இன்னும் மரங்களை எடுக்கவில்லை என்றார் அப்பா. மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் நான் கண்டக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"நைனார்பாளையத்துக்கு முந்தாநாளே பஸ்ஸு ஓடுது பாப்பா" என்றார் அவர்.

அதை அப்படியே அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் மரம் வெட்டுகிற சத்தம் கேட்டது. எல்லோரோடும் ஓடினேன். அப்பா தனியாளாக எங்கள் மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். வேறு வீட்டு மரத்தில் கைவைத்தால் அந்த வீட்டுப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். அவரால் வெட்ட முடிந்தது அது ஒன்றுதான்.

"போராட்டம் முடிஞ்சி போச்சிடா, இப்ப இன்னாத்துக்கு வெட்டிக்கினு கீற? அடுத்த போராட்டத்துக்கு அட்வான்ஸா?" என்று தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார் பெரியப்பா. கிட்டே வந்து எந்த மரம் என்று பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. கோடாலியைப் பிடுங்கப் போனார். அப்பா விடவில்லை. மத்தியானம் மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது.

அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இனிமே பஸ்ஸு வராதும்மா. நீ இங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்கத் தேவல" என்றார். யாராவது கேட்டால் போராட்டக்காரர்கள் வெட்டியது என்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அது பொய் என்பதால் அன்றிலிருந்து எனக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

மரத்தை எடுக்க யாரும் வரவில்லை. எங்கள் ரோடுதானே. அப்பா வேலைக்குப் போனதும் நான் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து, விழுந்த மரம்வரைக்கும் வந்து திரும்பிக்கொள்ளலாம் என்று பஸ்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அப்படி வந்த முதல் பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பலகாரப் பொட்டலம். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அடிமரத்தைப் பார்த்தாள்.

"யாரு வெட்டுனது?"

போராட்டக்காரர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவிடம் பொய் சொன்னால் என்ன ஆகுமோ என்று பயமாகிவிட்டது. அதோடு, இவ்வளவு பெரிய மரத்தை அப்பா வெட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அப்பாதாம்மா. பெரியப்பாவ கூட தொட விடல. ஒண்டியாவே வெட்டுச்சி."

அம்மா மரத்துக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஏறிக் குதித்து வருவாள் என்று பையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் பொட்டலத்தை மட்டும் கிளைகளுக்கு நடுவில் நீட்டிக் கொடுத்தாள். என் கன்னத்தைத் தொடப் பார்த்தாள், எட்டவில்லை. பஸ் திரும்பி நின்று ஹாரன் அடித்தது.

"அப்பா கிட்ட சொல்லு, நா வந்து பாத்துட்டன்னு" என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

பிற்பாடு அப்பா இரண்டு தடவை நைனார்பாளையம் போய் வந்தார். இரண்டு தடவையும் தனியாகத்தான் வந்தார். அந்த வருஷத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் சமைக்கப் பழகிக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே கவலை, அம்மா சொன்னதை மறந்துவிடக் கூடாது என்பது. "நா வந்து பாத்துட்டன்" என்று அரை மைலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அப்பா வந்ததும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்த வேலை முடிந்தது, நான் என் வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று பலகாரத்தைத் தின்றுவிட்டுப் படுத்தேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.