ஓரம் கட்டாத ஒன்று

அமலாவுக்கு அந்தப் பத்து நாளும் கால் தரையில் பாவவில்லை. ஒரகடத்துப் பக்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை நாலைந்து அடுக்காகப் போட்டுத் தைக்கும் போர்வைகள், பாதியில் நின்றாலும் கிழிந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். ஒட்டுப் போட்டு, சுற்றிலும் பளபளக்கும் சாட்டின் துணியில் ஓரம் கட்டிக் கொடுப்பாள். ஓரம் கட்டாத போர்வை தலை வாராமல் வெளியே கிளம்பின பெண் மாதிரி என்பது அவள் கட்சி. நாத்தனார் பிரசவத்துக்கு, கேட்டு வருகிறவர்களுக்கு, கிறிஸ்துமஸ் வந்தால் செம்பரம்பாக்கம் பக்கத்து முதியோர் இல்லத்துக்குச் சும்மா என்று பதினாறு வருஷத்தில் எத்தனை முடித்தாளோ, அவளுக்கே தெரியாது.

அந்த இல்லத்தில், ஓரமெல்லாம் நைந்துபோன ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாள் அவளைத் தேடி வந்தார். வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிறவர். பழைய போர்வை பன்னிரண்டு வேண்டும், எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது, பத்து நாள் கழித்து வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜுக்குக் கொண்டுவந்தால் பார்க்கிறேன், பிடித்தால் வருஷம் முழுக்க வாங்குகிறேன் என்றார். அமலாவின் காதில் ஏறியது ஒன்றே ஒன்று. அவள் கட்டிய ஓரம் கப்பல் ஏறப்போகிறது.

அடுத்த வீட்டுத் தாயாரம்மாள் முதற்கொண்டு பன்னிரண்டு வீட்டில் கேட்டு வாங்கினாள். அவர்கள் கூச்சத்தோடு கொடுத்த கந்தலைச் சவுக்காரம் போட்டுத் துவைத்து, சொட்டு நீலத்தில் முக்கி, கஞ்சி போட்டு, ஓட்டைக்கெல்லாம் புதுத்துணி வைத்து, சிவப்பு சாட்டினில் ஓரம் கட்டினாள். மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கியதுகூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளும் புருஷன் அப்பாவுவும் படுக்கிற போர்வைக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஓரம் கிடையாது. ஊரார் வேலை ஓய்ந்தால்தானே.

"ஊருக்கெல்லாம் ஓரம் கட்டுற. என்ன மட்டும் ஓரங்கட்டிட்ட" என்பான் அப்பாவு.

வியாழன் காலை தூறல். மறைமலை நகரில் நைட் ஷிப்ட் முடித்து வந்த கையோடு அப்பாவு, புதுசு நனையக்கூடாது என்று படுக்கையில் கிடந்த போர்வையை உருவி மூட்டையின் மேல் சுற்றிவிட்டு, தானும் கூடக் கிளம்பினான். பஸ்ஸில் மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டாள் அமலா.

லாட்ஜில் அந்த அம்மாள் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். முகம் வாடிக்கொண்டே வந்தது. நான் பழசு கேட்டேன், இதெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறதே என்றார். அமலாவுக்குப் புரியவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களிடம் யாராவது கிழிசலைக் காட்டுவார்களா? அதற்குள் அவர் பார்வை மூலையில் போட்டிருந்த மேல்சுற்றில் விழுந்தது. வெளுத்த நீலம், நைந்த இடத்தில் உள்ளே இருக்கிற மஞ்சள், அதற்கும் உள்ளே ஒரு பச்சை, ஓரத்தில் தொங்கும் நூல்.

"இதுதாங்க நான் கேட்டது" என்றார்.

"அது மூட்ட கட்டிகினு வந்ததும்மா."

அப்பாவு சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அம்மாளோ விடுவதாக இல்லை. கேட்ட விலை தருகிறேன், இதைக் கொடுத்தால் மேற்கொண்டு ஆர்டரும் உனக்கே என்றார். அமலா அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் தந்தால் ஓரம் கட்டி எடுத்து வருவதாகச் சொன்னாள்.

"ஓரம் கட்டினா எனக்கு வேணாம். இப்படியேதான் வேணும்."

கை நீட்டினால் ஆர்டர். அமலா அந்தத் தொங்கும் நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"என் ஓரம் கப்பல் ஏறும்னு வந்தேம்மா. இத இப்பிடியே அனுப்புனா கப்பல் ஏறுறது என் மானந்தான்."

திரும்பும் பஸ்ஸில் அழுகை முட்டியது. ஆனால் வீடு வந்து திருப்பிக் கொடுத்ததும் தாயாரம்மாள் தன் போர்வையை அடையாளம் தெரியாமல் நாலு தரம் திருப்பிப் பார்த்து, இது என்னுது இல்லை என்று சாதித்து, தன் பழைய முந்தானைப் பூவை நடுவில் கண்டதும் அப்படியே போர்த்திக்கொண்டு தெருவெல்லாம் காட்டக் கிளம்பியபோது, அமலாவுக்குத் துக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. மற்ற பதினொரு வீட்டுக்கும் ஓடினாள்.

அன்றைக்கு அப்பாவு வெறும் பாயில் தூங்கினான். அடுத்த ஷிப்டுக்கு எழுந்தபோது மிச்ச சாட்டினில் நாலு பக்கமும் ஓரம் கட்டிய போர்வை அவன்மேல் கிடந்தது. மிஷினடியில் நூல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னிக்கித்தான் என்ன ஓரங்கட்டாம வுட்ட" என்றான்.