ஹோல்டு என்றால் என்ன

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோல் ஷெட்டில் ஈரத்தோல் சுமந்து தொடங்கி, ஆம்பூரில் அறுபது தையல் மெஷினோடு சொந்த யூனிட் போட்டேன். ஷூவின் மேல்பாகம் தைத்துப் பெரிய கம்பெனிக்குக் கொடுப்போம். படித்தவன் கருவி வைத்துத் தோலின் கனம் அளப்பான். நான் கட்டைவிரலால் தடவிச் சொல்வேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். "வேலை இல்லை" என்று ஓர் ஆளையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஊரெல்லாம் ஷூ வியாபாரம் மந்தமானபோது கம்பெனி மேனேஜர் போன் செய்தார். "ஆர்டர் ஹோல்டுங்க" என்றார். என் இங்கிலீஷ் எல்லாம் மெஷின் சத்தத்தில் காதால் பிடித்தது. தோல் நழுவாமல் இருக்க "ஹோல்டு பண்ணு" என்போம். ஆக, ஆர்டரை நமக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். "ரொம்ப சந்தோஷங்க" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வரும் சூப்பர்வைசர் அம்மா அன்றைக்கு என் முன்னால் வந்து நின்றார். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் இடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"மொதலாளி, எல்லாரும் மூடறாங்க. நம்ம கதை இன்னா? நாளைக்குள்ள அங்க பதில் சொல்லணும்."

"நம்ம ஆர்டர் ஹோல்டுல இருக்கும்மா, எங்கயும் போவாது. சூப்பர்வைசரா இருந்துட்டு அழுக்குத் துணி அலசப் போறியா?"

சிரித்தார். அங்கே வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

தோல் வாங்கி, வெட்டி, தைத்து அடுக்கினோம். எடுத்துப் போக வண்டி வரவில்லை. மூன்றாவது வாரம் நானே கம்பெனிக்குப் போனேன். "ஹோல்டுன்னா நிறுத்தி வெச்சிருக்கறதுங்க" என்றார் மேனேஜர். வெளிநாட்டுக் கடைகள் வாங்கவில்லை, பேங்க் கையை இறுக்கிவிட்டது என்று காரணம் சொன்னார். எனக்கு அது பஸ் ஸ்டாப்பில்தான் புரிந்தது. செருப்பு தைப்பவர் முன்னால் மட்டும் கூட்டம். வேலை போனவன் பழசைத் தைத்துப் போட்டுக்கொள்கிறான். அவன் புதுசு வாங்காததால் இன்னொருவனுக்கு வேலை போகிறது. அவனும் பழசைக் கொண்டுவந்து நிற்கிறான். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். வீட்டில் சோறு போட்டார்கள், சாப்பிட்டேன்.

வேலை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு வாங்க" என்றே சொல்லிவந்தேன். வந்தார்கள். மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, டிபன் சாப்பிட்டுப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் அதே ரயிலில் வந்தார்.

ஒரு நாள் காலை கேட்டார்: "மொதலாளி, ஹோல்டுன்னா நிறுத்தி வெக்கறதாமே? பெரிய பொண்ணு சொல்லுது."

"ஆமாம்மா."

"அப்போ என்னியும் ஹோல்டுலதான் வெச்சிருக்கீங்க."

ஆஸ்பத்திரியில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். நான் விசாரித்திருந்தேன், அவருக்கும் தெரியும்.

"வேலை இல்லம்மா. நாளைக்கு வராத."

"இத்த சொல்ல இத்தினி நாளா?" டிபன் பாக்ஸைத் திறக்காமலே பையில் வைத்தார். "சீசன் டிக்கெட்டு இன்னும் நாலு நாளு கீது. வேற எங்கனா கேட்டுப் பாக்கறேன்."

அவர் போன பிறகு, தைத்து அடுக்கியிருந்த மேல்பாகங்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினேன். கனம் சரியாகத்தான் இருந்தது.