கங்கு சிந்தாத தூபக்கால்

குவைத்தில் காப்புரிமை முகவராக இருந்த நுவைருக்குக் கண்டுபிடிப்பாளர்கள் என்றாலே இளக்காரம். ஷர்க் பகுதியில் கடல் பார்த்த மாடியில் அவளுடைய அலுவலகம். படியேறி வருகிறவன் எல்லாம் உலகத்தையே புரட்டப்போகும் சரக்கோடுதான் வருவான். பாதிப் பேர் கொண்டுவந்தது ஏற்கெனவே கடைத்தெருவில் கூவி விற்கிற சாமான். மீதிப் பேரிடம் சரக்கே இருக்காது, ஜம்பம் மட்டும் இருக்கும். ஒட்டகத்துக்குக் குடை மாட்டிவிட்டு உரிமை கேட்டவனைக்கூட அவள் பார்த்தாயிற்று.

ஆனாலும் தங்கை ஹுஸ்ஸாவின் கணவன் மிஷாரிமேல் அவளுக்கு இருந்த இளக்காரத்துக்கு ஈடு கிடையாது. அமைச்சகத்தில் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவன். மாலையானால் திவானியா என்கிற விருந்தினர் கூடத்தில் ஆண்களோடு சாய்ந்துகொண்டு காப்பியும் கதையும். அவன் ஒருநாள் பளபளக்கும் தூபக்கால் ஒன்றை அவள் மேசைமேல் வைத்தான்.

"இதப் பாருங்க நுவைர். கார்ல அகில் புகைக்கலாம். வண்டிய எப்படி ஒடிச்சாலும் கங்கு சிந்தாது. எல்லாம் நம்ம மூளை!"

"எந்தக் கடையில வாங்கின?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? நானே ராப்பகலா யோசிச்சுச் செஞ்சது."

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள், நடுவில் கிண்ணம். நுவைர் அதைச் சாய்த்தாள். கிண்ணம் நேராகவே நின்றது.

"சரி, விளக்கு. விண்ணப்பத்தைப் படிக்கிற தொழில் தெரிஞ்சவன் அதைப் பாத்தே இன்னொண்ணு செய்யணும், அவ்வளவு தெளிவா எழுதணும். கிண்ணத்துக்கு அடியில ஏன் கனம் வச்ச?"

"அது... அழகுக்கு."

"அழகுக்கா!"

"அதெல்லாம் எழுதறது உங்க வேலைதானே?"

நுவைர் தூபக்காலை அவன் பக்கமே தள்ளினாள். "கோழிகூட முட்டை போட்டுட்டுத்தான் கொக்கரிக்கும். நீ யார் முட்டையையோ தூக்கிட்டு வந்து கொக்கரிக்கிற. விண்ணப்பத்துல கண்டுபிடிச்சவங்க பேர் கேப்பாங்க. நெசமான பேரோட வா. அதுவரைக்கும் வாயத் திறக்காத. வெளிய தெரிஞ்சா புதுசுங்கிற தகுதியே போயிடும்."

மிஷாரி முகம் சிவந்து எழுந்து போனான். அந்த வாரமே திவானியாவில் தூபக்காலைக் கடைபரப்பினான். வெற்று மைதானத்தில் காரைச் சுழற்றிச் சுழற்றி ஓட்டி, பக்கத்து இருக்கையில் புகையும் தூபக்காலோடு, "நம்ம மூளை!" என்று கூவி ஒரு வீடியோவும் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். நுவைர் பழைய காப்புரிமைகளிலும் கடைகளிலும் வலைபோட்டுத் தேடியும் காருக்கென்று இதுமாதிரி ஒன்று அகப்படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. கடையிலும் வாங்கவில்லை, அவன் மூளையும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

ஹுஸ்ஸா வந்தாள். கணவன் சொல்லுக்குத் தலையாட்டுகிற பொம்மை என்று தங்கையை எப்போதோ ஒதுக்கிவைத்திருந்தாள் நுவைர்.

"கனம் எதுக்குன்னு அவர் சொன்னாராக்கா?"

"அழகுக்காம்."

ஹுஸ்ஸா விழுந்து விழுந்து சிரித்தாள். "கார் சீட்டை மூணு தடவை கருக்கினப்புறம் நான் வச்ச கனம் அது!"

"நீயா?"

"உனக்குக் கடையில வாங்கிருப்பார்னு தோணுச்சு, திருடிருப்பார்னு தோணுச்சு. வீட்டுல இருக்கிறவ ஞாபகத்துக்கே வரல, இல்ல?"

ஊரையெல்லாம் மட்டம் தட்டிய நுவைரின் வாய் வழக்கமான ஏச்சுக்கே போயிற்று.

"அவன் தூக்கிட்டு வரும்போது ஏண்டி சும்மா இருந்த?"

"எம் பேர்லதான் போடுவார்னு நம்பினேன்."

"அசடு."

"அசடுதான். திட்டி முடிச்சிட்டியா? இப்ப என்ன வழி?"

"வழியே இல்ல. உன் புருஷன் ஊர் பூராவும் காட்டியாச்சு."

ஹுஸ்ஸா பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதே வளையங்கள்தான், மேலே கீல் வைத்த மூடி. வண்டியே குப்புறக் கவிழ்ந்தால், சின்னக் குண்டு ஒன்று உருண்டு மூடியைத் தட்டிவிட, கங்கு மூச்சடைத்து அணைந்துவிடும். "இதை அவர் பாத்ததே இல்ல," என்றாள்.

நுவைர் கேட்ட கேள்விக்கெல்லாம் தங்கை டக்டக்கென்று பதில் சொன்னாள். வளையங்களை விட்டுவிட்டு மூடிக்கு மட்டும் உரிமை கேட்டு நுவைர் அரபியில் விண்ணப்பம் எழுதினாள். எப்படியோ மோப்பம் பிடித்து மிஷாரியும் வந்து உட்கார்ந்தான்.

"விண்ணப்பதாரர்னு எம் பேரைப் போடுங்க. குடும்பத்துச் சொத்துதானே."

"அதுக்கு அவ தன் உரிமைய உனக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அவளையே கேளு."

மிஷாரி மனைவியைப் பார்த்தான். அவள் பூசணி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிவிட்டு, "மாட்டேன்," என்றாள். இன்னொரு விதையை எடுத்துக்கொண்டாள்.

காப்புரிமை அலுவலக ஆய்வாளர் கேள்விமேல் கேள்வியாக அனுப்பினார். வருடங்கள் போயின. அதற்குள் வளையத் தூபக்கால் முபாரகியா சந்தையில் குவிந்துவிட்டது. திவானியா நண்பர்களே வெட்கமில்லாமல் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டார்கள். "திருட்டுப் பசங்க!" என்று மிஷாரி அவர்கள் காப்பியைக் குடித்தபடியே பொருமினான்.

கடைசியில் மூடிக்குக் காப்புரிமை கிடைத்தது, ஹுஸ்ஸா பெயரில். திவானியாவில் அவனை ஓட்டினார்கள்: "என்னப்பா, உம் பொண்டாட்டிக்காமே?"

"கரி வாங்கித் தந்தது யாருன்னு நெனச்சீங்க?" என்றானாம் மிஷாரி.

இதைக் கேள்விப்பட்டதும் நுவைர் தங்கைக்குப் போன் போட்டாள். ஹுஸ்ஸா அலட்டிக்கொள்ளவில்லை. "கரியும் நான் வாங்கினதுதான்க்கா," என்றாள்.