கூட்டின் அடியில் ஒரு காம்பு

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நீர்த்தேக்கத்துத் தண்ணீரை நுணுக்குக்காட்டியில் வைத்து, கூடு கட்டி மிதக்கும் ஒற்றைக் கல உயிர்களைப் பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு காலையில் எங்கள் ஊரான மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா போனில் கோல் எடுத்தார்.

"ஒங்கப்பா வெறகுக் கட்டையால அடிச்சிட்டாரு. அம்மாவுக்குக் காதுல ரத்தம் நிக்கல புள்ள."

அப்பா குடிப்பவர் அல்லர். நிதானத்தோடு அடிப்பவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிர்களைப் பதப்படுத்தச் சொட்டுச் சொட்டாக விட வேண்டிய அயடினை அப்படியே தண்ணீர்ப் போத்தலுக்குள் கவிழ்த்து, ஆத்திரம் தீரக் குலுக்கினேன்.

பிறகு பார்த்தேன். மணி வடிவக் கூடுகள், மணல் துகள்களை ஒட்டிக் கட்டியவை. உள்ளே ஒரே ஒரு கலம் இருக்கும். வாயைச் சுற்றிப் பிசிர்கள், நடுவில் இரண்டு பெரிய கருக்கள், கீழே ஒரு காம்பு. கலத்தைக் கூட்டின் அடியோடு பிடித்து வைப்பது அந்தக் காம்புதான். பயந்தால் கலம் சுருங்கி அடியில் ஒடுங்கிக்கொள்ளும். அதற்கு மேலும் உலுக்கினால் காம்பு அறுந்து வெளியே வந்துவிடும். அன்று கூடுகள் எல்லாம் காலி. கலங்கள் பக்கத்தில் வெடித்துக் கிடந்தன.

அவை செத்தது எனக்கு உறைக்கவில்லை. வெளியே வந்ததுதான் கண்ணில் பட்டது. இதுகளுக்கு இருக்கிற ரோஷம் அம்மாவுக்கு இல்லையே என்று கொதித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அப்பா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா காதில் துணியை அழுத்திக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கெளம்பும்மா. இனி இங்க இருந்தா செத்துருவ."

"நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகணும். நா கொழுந்து எடுக்கலன்னா தோட்டத்துல இந்தக் காம்பராவப் புடுங்கிருவாங்க."

அரிசிச் சட்டியை எட்டி உதைத்தேன். அவள் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்தேன். மற்றக் கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"விடு புள்ள, வலிக்குது."

விடவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரம் அவளை அடிக்கவும் கை வந்தது. முழுப் பலத்தோடு இழுத்தேன். மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், எப்படி நடந்தது என்று கேட்டார்.

"மலையில வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள் அம்மா.

இத்தனை வருடமும் அப்பாவுக்காகச் சொன்ன பொய் அது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.