குடை விரித்த துளி

மருத்துவமனையில் அவரை எல்லோரும் 'டிரிப்ஸ்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருட நர்ஸ் வேலை. கடிகாரம் பார்க்காமலேயே நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று குழாயைத் திருகி நிறுத்திவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் புத்தி சொட்டிலேயே நிற்கும். சாப்பாட்டு மேசையைக் காலி செய்வார். கறுப்புத் தட்டில் தண்ணீர், அதற்கு மேலே சொந்தக் காசில் வாங்கிய டிரிப்ஸ் குழாய், எதிரே கேமரா, பக்கத்தில் ஃபிளாஷ் என்று கடை பரப்பி உட்கார்ந்துவிடுவார். மனுஷர் சாப்பிட வேண்டாமா என்று மனைவி கேட்டால், சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொள்ளலாமே என்பார்.

முதல் துளி விழுந்ததும் தண்ணீர் குட்டித் தூணாக எழும்பும். அதன் தலையில் அடுத்த துளி மோதினால் குடைபோல விரியும். கண் இமைக்கும் நேரம்கூட நிற்காத அந்தக் குடையைப் படம் பிடிக்கத்தான் இத்தனை பாடு. அவர் அழுத்தினால் படத்தில் வெறும் தூண், இல்லையென்றால் வெறும் தட்டு. அதனால் கேமராப் பொத்தானை அழுத்தும் வேலையை மனைவியிடம் கொடுத்தார். பாட்டில் தொழிற்சாலையில், ஓடுகிற பெல்ட்டிலிருந்து மூடி கோணிய பாட்டிலைச் சட்டென்று எடுப்பது அவள் வேலை. மூன்றாம் நாளே குடை சிக்கியது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

படத்தைப் போட்டோ சங்கத்தின் போட்டிக்கு அனுப்பினார். விண்ணப்பத்தில் 'எடுத்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கேமரா அவருடையது, துளி அவருடையது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் பரிசே வந்தது. சான்றிதழை அவள் ஒருமுறை படித்தாள், அலமாரியில் வைத்தாள். அன்றோடு பொத்தானைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

அப்போதுதான் சங்கத்துச் செயலாளர் போனில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அதேபோல் ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். இவரும் சரி என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் தனியாக மல்லுக்கட்டினார். முந்நூறு படம் எடுத்தும் ஒரு குடைகூட விரியவில்லை. மானம் போகப் போகிறது என்று புரிந்ததும் மனைவியிடம் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து அழுத்திக் கொடேன்."

"எடுத்தவர் நீங்கதானே? நீங்களே எடுங்க."

"ஏதோ யோசிக்காம எழுதிட்டேன்."

"யோசிச்சிருந்தா என் பேர எழுதியிருப்பீங்களா?"

எழுதியிருக்க மாட்டார். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. உடனே செயலாளருக்குப் போன் போட்டார்.

"சார், அந்தப் படத்த எடுத்தது நான் இல்ல. என் வீட்டுக்காரம்மா. பரிசத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"பரிசு கெடக்கட்டும். ஞாயித்துக்கிழமை யாரு வர்றீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"வர்றேன் சார். எத்தன மணிக்கு?" என்றாள். பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "துளி விடறதுக்கு ஒரு ஆள் வேணும். அவரையும் கூட்டிட்டு வர்றேன்."