வண்டிப்பெரியாரில் காயாத சட்டிகள்

தேக்கடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எனக்குத் துப்புரவு வேலை. அங்கே விருந்தாளிகள் விளையாட, கரண்டில் சுற்றும் குயவர் சக்கரம் ஒன்று இருந்தது. அவர்கள் மண்ணைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சக்கரத்தைக் கழுவி, மண்ணைத் திரும்ப வாளியில் போடுவது என் பொறுப்பு. கழுவுவதற்கு முன்னால் பத்து நிமிடம் நானும் உட்காருவேன். ஒரு வருடத்தில் கிண்ணம், குவளை, சட்டி எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் எதையும் சுட்டதில்லை. செய்ததை நானே பிசைந்து வாளியில் போட்டுவிடுவேன். ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காது.

ரிசார்ட்டைப் புதுப்பித்தபோது சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் சொன்னார்கள். மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அதை எனக்குத் தாங்க சார். இரும்புக்கு என்ன விலையோ, அதை நான் குடுத்துர்றேன்."

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். அன்று மாலையே சக்கரம் வண்டிப்பெரியாரில் எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகைக்கு வந்துவிட்டது.

கம்பம் பக்கம் சட்டிபானை செய்கிற ஒரு குடும்பத்திடம் மண் வாங்கினேன். குமுளி செக்போஸ்ட்டில் மூட்டையைத் தட்டிப் பார்த்த போலீஸ்காரர், "இதென்ன?" என்றார்.

"மண்ணு சார்."

"ஏன், கேரளாவுல மண்ணு இல்லையா?"

"சட்டிக்குத் தோதான மண்ணு எங்க மலையில இல்ல சார்."

அவர் சிரித்துக்கொண்டே போகவிட்டார்.

தன் வீட்டில் அறை வாடகைக்கு விடும் ஒரு மலையாளச் சேச்சி, விருந்தாளிகளுக்கு மீன்குழம்பு பரிமாற முப்பது சின்னச் சட்டி கேட்டார். என் முதல் ஆர்டர். மண் கொடுத்தவர்கள் நாலு நாள் காய்ந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் நாலு நாள் காயவைத்து, செங்கல் அடுக்கிக் கட்டிய சூளையில் வைத்துத் தீ மூட்டினேன்.

அரை மணி நேரத்தில் உள்ளே பட்டாசு மாதிரி வெடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சட்டி போகிறது என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆறியபின் பிரித்தால் ஏழுதான் முழுசாக இருந்தன.

"விட்ருளா," என்றார் வீட்டுக்காரர். "வேலைதான் இருக்குல்ல உனக்கு."

"விட மாட்டேங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

கம்பத்து வெயிலில் நாலு நாளும் எங்கள் ஊர் ஆடி மழையில் நாலு நாளும் ஒன்றா? மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது.

ஏழு சட்டியையும் சேச்சியிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தார்.

"மிச்சம் எப்ப கிட்டும்?"

"ஒரு மாசம் ஆகும் சேச்சி. சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லல. காயறதுக்கு அவ்வளவு நாள் வேணும்."

"சரி. ஓணத்துக்கு முன்னாடி கிட்டினா போதும்."

வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லாததே எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுப்புக்கு மேலே பலகை அடிக்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். புதிதாகச் செய்த சட்டிகளை அதில் வரிசையாக வைத்து, தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தேன். இருபது நாள் ஆனது. சட்டியின் நிறம் வெளுத்து, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி இல்லை என்றானபின்தான் சூளைக்குக் கொண்டுபோனேன். தீயையும் முதலில் சின்னதாகவே வைத்து, பாதி நாள் அதைப் பெரிதாக விடாமல் காவல் இருந்தேன். இரண்டு விரிசல் விட்டன. மற்றவை நின்றன. ஒன்றில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கி, மத்தி மீன் குழம்பு வைத்து, ஒழுகவில்லை என்று தெரிந்தபின்தான் சேச்சிக்குப் போன் செய்தேன்.

அவர் வீட்டில் தங்கியவர்கள் கேட்டுக் கேட்டு மற்ற ஆர்டர்கள் வந்தன. அடுத்த சித்திரையில் ரிசார்ட் வேலையை விட்டேன்.

போன மாதம் மூணாறிலிருந்து ஒரு ஹோட்டல்காரர், பத்து நாளில் நூறு சட்டி வேண்டும் என்றார்.

"மழை நேரத்துல ரெண்டு மாசம் ஆகும்ணே. அவசரம்னா வேற இடத்துல பாத்துக்கோங்க," என்றேன்.

"ரெண்டு மாசத்துலயே குடும்மா," என்றார்.