மாதம் ஒரு ஊசி

என் மகளுக்கு அப்போது ஏழு வயது ஆகியிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு வந்த என் மனைவி, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பாப்பாவுக்கு நெஞ்சுல கட்டி மாதிரி இருக்குங்க. தொட்டா வலிக்குதுங்கிறா."

காப்பாரில் எங்கள் வீட்டுப் பக்கத்து கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "இது கட்டி இல்ல. மார்பு வளர ஆரம்பிச்சிருக்கு. இந்த வயசுல வரக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க" என்றார். நான் கட்டியைப் பற்றித்தான் பயந்துகொண்டு போயிருந்தேன். கட்டி இல்லை என்றதும் நிம்மதி வரவில்லை. வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்தது.

கிள்ளானில் இருந்த என் அக்காவுக்குச் செய்தி போனதும் நேராக வந்துவிட்டாள். "கோழிக்குப் போடற ஊசிதாண்டா காரணம். கோழியை நிறுத்து லா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீக்கிரமே வயசுக்கு வந்துடுவா போல" என்று என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் என் மனைவி அழுதாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோழி இல்லை. மகள் மட்டும் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "கோழி எங்கம்மா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. படத்தை வெளிச்சத்தில் வைத்து, எலும்புகளைக் காட்டி மலாயில் நிதானமாகப் பேசினார். பருவமடையச் சொல்லி மூளை கொடுக்க வேண்டிய சமிக்ஞையை முன்னதாகவே கொடுத்துவிட்டதாம். பிள்ளைக்கு ஆறு வயது, கை எலும்புக்கோ ஒன்பது வயது. இப்படியே விட்டால் இப்போது மளமளவென்று உயர்வாள், ஆனால் வளர்ச்சி சீக்கிரமே நின்று கடைசியில் குட்டையாகிவிடுவாள்.

தலைக்குள் ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் லோரி ஓட்டிக்கொண்டே சாமி கும்பிட்டேன். தலையில் ஒன்றும் இல்லை. பெண் பிள்ளைகளுக்குப் பல நேரம் காரணமே தெரியாமல்தான் இப்படி வருமாம்.

"கோழி சாப்பிட்டதாலயா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள். அங்கிருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி அதை மலாயில் சொல்லி, பதிலையும் வாங்கித் தந்தார். "கோழி மேல பழி போட முடியாதாம். நீங்க யாரும் தப்பு பண்ணலையாம், அக்கா."

பருவ வளர்ச்சியை நிறுத்திவைக்க மாதம் ஒரு ஊசி. என் மனைவிக்கு சுங்கை வேயில் ஃபேக்டரி வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. அதனால் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். காப்பாரிலிருந்து கிள்ளான் ஸ்டேஷன் வரை மோட்டார் சைக்கிள், அங்கிருந்து கொமுட்டர் ரயில்.

ஆரம்பத்தில் அவள் அதிகம் பேசமாட்டாள். பள்ளியில் யாரோ கேலி செய்திருந்தார்கள். கொதிக்கிற வெயிலிலும் ஜாக்கெட்டைக் கழற்றாமல், தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். ஒரு நாள் ரயிலில் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

பெண் பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? "உன் உடம்பு கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு லா. ஊசி உள்ள போயி, கொஞ்சம் இரு, கொஞ்சம் இருன்னு சொல்லும்" என்றேன்.

அவள் யோசித்தாள். "தமிழ்ல சொல்லுமா, மலாய்ல சொல்லுமா?"

எதிர் இருக்கையில் இருந்த ஆன்டி வாய்விட்டுச் சிரித்தார். மகளும் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

ஊசி போடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும், திரும்பும் வழியில் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கிச் சாப்பிடுவோம். நெரிசலான அந்த நடைபாதையில் என்னை இழுத்துக்கொண்டு, பூக்கடை, கேசட் கடை, வடைக்கடை என்று ஒவ்வொன்றாக நின்று பார்ப்பாள். வடைக்கார அண்ணன் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே சூடாக எடுத்துவைப்பார். அவளுடைய பள்ளிக் கதைகள், சண்டைகள், பெரியவளானதும் என்ன வேலைக்குப் போவாள் என்பது எல்லாம் எனக்கு அந்தத் தெருவில்தான் தெரியவந்தன. மற்ற நாட்களில் நான் வீடு திரும்புவதற்குள் அவள் தூங்கியிருப்பாள்.

சில மாதங்களில் வீக்கம் தணிந்தது. ஜாக்கெட் தானாகவே அலமாரிக்குள் போனது. பதினோரு வயதில் டாக்டர் ஊசியை நிறுத்தினார். அதன் பிறகு, தோழிகள் வயதுக்கு வந்த அதே காலத்தில்தான் அவளும் பெரியவளானாள். அக்காதான் முன்னால் நின்று சடங்கு செய்தாள்.

இப்போது மகள் ஸ்ரீ கெம்பாங்கானில் வேலை செய்கிறாள். அம்மாவை விட உயரம். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. சில சமயம் மனைவியிடம் மட்டும் சொல்வேன், அந்த மாதிரி ஒரு நாள் திரும்பக் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று.

"ஊசி போடப் போன நாளை நினைச்சு யாராவது ஏங்குவாங்களா?" என்பாள் அவள்.

நான் ஏங்குகிறேன்.